அடுப்பெரிக்க எண்ணெயா?

உத்திரமேரூர் என்றதும் படித்தவர்களுக்குக் குடவோலை ஞாபகம் வரும். ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன்னால், முதலாம் பராந்தக சோழனுடைய காலத்தில், அந்த ஊர்ச் சபையார் தங்கள் காரியஸ்தர்களைத் தேர்ந்தெடுத்த விதத்தைக் கல்லில் வெட்டி வைத்துவிட்டுப் போனார்கள். உலகத்தார் இன்றைக்கும் அந்தக் கல்லை வந்து பார்த்து அதிசயிக்கிறார்கள். ஆனால் எனக்கு அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் முதலில் ஞாபகம் வருவது கல் அல்ல, புகை.

உத்திரமேரூருக்குச் சற்றுத் தள்ளி ஒரு கிராமத்தில் என் அத்தை இருக்கிறாள். அவளுடைய வீட்டுப் பின்கட்டில் ஒரு விறகடுப்பு உண்டு. விடியற்காலையில் அதை மூட்டினால், கூரை ஓட்டின் இடுக்குகளிலெல்லாம் புகை கசிந்து, வீடே பெருமூச்சு விடுவதுபோல் தோன்றும். அத்தையும் இருமுவாள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். "சீமைக் கருவேல முள்ளு, காயாத விறகு" என்று விறகின்மேல் பழியைப் போட்டுவிட்டு, ஊதுகுழலை எடுத்துக்கொண்டு மறுபடியும் குனிவாள்.

"அத்தை வீட்டில் காஸ் அடுப்பு இல்லையா?" என்று வாசகர்கள் கேட்கலாம். இருக்கிறது. பளபளவென்று துடைத்து, மேடைமேல் வைத்திருக்கிறாள். காப்பி போடுவதற்கும், திடீரென்று வந்துவிட்ட விருந்தாளிக்கு இரண்டு தோசை வார்ப்பதற்கும் அது. சோறு வடிப்பதற்கும், வெந்நீர் போடுவதற்கும், நெல் அவிப்பதற்கும் பின்கட்டு விறகடுப்புத்தான். ஒரு ஸிலிண்டர் எத்தனை நாள் வந்தது என்று சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருக்கிறாள். கோடுகள் அதிகமாக அதிகமாக அத்தைக்குப் பெருமை. அந்தப் பெருமையின் விலை இருமல் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

சென்ற பங்குனியில் நான் போயிருந்தபோது அத்தை என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏம்பா, ஏரிக்கரையிலே புங்கங்காய் கொட்டிக் கிடக்குது. ஆட்டினா எண்ணெய் வருது. விளக்கிலே ஊத்தினா எரியுது. அதையே ஸ்டவ்விலே ஊத்தி அடுப்பெரிச்சா என்ன? விறகும் வேண்டாம், புகையும் வேண்டாம், காஸ்காரனும் வேண்டாமே!"

கேள்வி நியாயமானதுதான். நம் வீட்டு அடுப்பு நம் ஊர் மரத்தின் எண்ணெயில் எரிய வேண்டும் என்பது சுதேசி மனம் படைத்த யாருக்கும் இனிக்கக்கூடிய யோசனை. "ஆகா, செய்து பார்த்துவிடலாமே!" என்று நான் உற்சாகமாகப் பதில் சொல்லிவிட்டேன்.

திரியின் ஒத்துழையாமை

பரண்மேல் பழைய திரி ஸ்டவ் ஒன்று கிடந்தது. ரேஷன் மண்ணெண்ணெய் தாராளமாகக் கிடைத்த காலத்தில் அந்த வீட்டுக்கு ஊழியம் செய்துவிட்டு ஓய்வு பெற்றது. அதை இறக்கித் துடைத்து, புதுத் திரி போட்டு, வடிகட்டிய புங்கெண்ணெயை ஊற்றினோம். திரி நனையட்டும் என்று ஒரு மணி நேரம் காத்திருந்தோம். பிறகு நெருப்பு வைத்தோம்.

சில நிமிஷம் எரிந்தது. பால் வைக்கலாம் என்று அத்தை பாத்திரத்தை எடுத்து வருவதற்குள் ஜ்வாலை சிறுத்தது, மஞ்சளாகியது, பிறகு கறுப்பாகப் புகைய ஆரம்பித்தது. திரியை உயர்த்தினேன். உயர்த்திய பாகமும் கருகிற்று. தொட்டியில் எண்ணெய் நிறைய இருக்கிறது. திரியின் நுனியோ கரியாகி நிற்கிறது. எவ்வளவு உபசாரம் செய்தும் திரி தன் ஒத்துழையாமையைக் கைவிடவில்லை.

"விளக்கிலே எரியறது அடுப்பிலே ஏன் எரியலே?" என்றாள் அத்தை.

இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனபோதுதான், எண்ணெயைப் பற்றி நம் முன்னோர்களுக்குத் தெரிந்திருந்த ஒரு விஷயத்தை நான் மறந்துவிட்டிருந்தேன் என்பது தெரிந்தது. அகல் விளக்கைப் பாருங்கள். குத்துவிளக்கைப் பாருங்கள். அவற்றில் திரி படுத்திருக்கிறது. அதன் நுனி எண்ணெய் மட்டத்திலிருந்து ஓர் அங்குலங்கூட உயரத்தில் இல்லை. ஆகையால் எண்ணெய் ஏற வேண்டிய சிரமமே இல்லை. மண்ணெண்ணெய் வந்த பிறகுதான் திரி நிமிர்ந்து நின்றது. அரிக்கேன் விளக்கிலும் சரி, திரி ஸ்டவ்விலும் சரி, தொட்டி கீழே, நெருப்பு மேலே. மண்ணெண்ணெய் நீர்த்த திரவம் ஆனதால் அந்த உயரத்தைச் சுலபமாக ஏறிவிடுகிறது. வித்துக்களிலிருந்து எடுக்கும் எண்ணெயோ அதைக் காட்டிலும் இருபது மடங்குக்கு மேல் பிசுக்கானது. மெதுவாகத்தான் ஏறும். அது வந்து சேருவதற்குள் திரியே விறகாகிவிடுகிறது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. மண்ணெண்ணெய் சுமார் 40, 50 டிகிரி சூட்டிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விட ஆரம்பிக்கும். தாவர எண்ணெய்க்கு 200 டிகிரிக்கு மேல் வேண்டும். இதில் ஒரு நன்மை இருக்கிறது: தாவர எண்ணெய் தவறிக் கொட்டினாலும் குப்பென்று பற்றிக்கொள்ளாது. மண்ணெண்ணெய் ஸ்டவ் விபத்துக்களைப் பத்திரிகைகளில் படித்துப் படித்து மனம் நொந்திருக்கும் நமக்கு இது சிறிய நன்மை அல்ல. ஆனால் அதே குணந்தான் அடுப்பில் இடைஞ்சலாகவும் முடிகிறது. சுலபமாகப் பற்றாதது சுலபமாக எரியவும் மறுக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. சிலருக்கு, "திரி ஸ்டவ்வில் எரியாவிட்டால் போகட்டும், பம்ப் ஸ்டவ்வில் ஊற்றிக் காற்றடித்துப் பார்க்கலாம்" என்று தோன்றலாம். தயவு செய்து அந்தப் பரீட்சையில் இறங்க வேண்டாம். மண்ணெண்ணெய்க்காகச் செய்த ஸ்டவ் தாவர எண்ணெயை முழுவதும் ஆவியாக்கும் அளவுக்குச் சூடேறுவதில்லை. ஆவியாகாத எண்ணெய் காய்ந்த நிலையில் துளைவழியே பீச்சியடித்தால் என்ன ஆகும் என்பதைத் தாளிக்கத் தெரிந்த எந்த ஸ்திரீக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜெர்மனியில் பிறந்த அடுப்பு

அப்படியானால் தாவர எண்ணெயில் எரியும் அடுப்பே கிடையாதா? உண்டு. அது பிறந்தது ஜெர்மனியில்.

அதன் கதையைச் சொல்வதற்கு முன் ஒரு பழைய கதை. 1900-ம் வருஷம் பாரிஸ் நகரத்தில் நடந்த பெரிய பொருட்காட்சியில் ஒரு சிறிய டீஸல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஊற்றியிருந்தது பூமிக்கடியிலிருந்து எடுத்த எண்ணெய் அல்ல, நிலக்கடலை எண்ணெய். இயந்திரத்தைக் கண்டுபிடித்த ருடால்ப் டீஸலே இந்தச் சம்பவத்தைப் பிற்பாடு 1912-ல் எடுத்துச் சொல்லியிருக்கிறார். தங்கள் குடியேற்ற நாடுகளில் விளையும் கடலையிலேயே இயந்திரங்களை ஓட்டிவிடலாமா என்று பிரெஞ்சு சர்க்காருக்கு ஆவல். நம் பக்கத்து மல்லாட்டை அந்த நாட்களில் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து மார்ஸேல்ஸ் நகரத்துச் செக்காலைகளுக்கு மூட்டை மூட்டையாகக் கப்பலேறிக்கொண்டிருந்தது என்பதை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளலாம். ஆகவே தாவர எண்ணெயை எரித்துக் காரியம் செய்வது புது யோசனை அல்ல. அதை அடுப்பங்கரைக்குக் கொண்டுவருவதுதான் புதிது.

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்திலுள்ள ஹோஹன்ஹைம் சர்வகலாசாலையில் எல்மார் ஸ்டும்ப் என்ற ஆராய்ச்சியாளர் இந்த வேலையை எடுத்துக்கொண்டார். வீட்டுச் சாமான்கள் செய்யும் பாஷ்-ஸீமன்ஸ் கம்பெனியார் அதற்கு உருவம் கொடுத்து, 'ப்ரோட்டாஸ்' என்று பெயரிட்டார்கள். பார்வைக்கு அது நம் பழைய பம்ப் ஸ்டவ்வின் உறவினர்தான். ஸ்வீடன் தேசத்து லிண்ட்க்விஸ்ட் 1892-ல் செய்த பிரைமஸ் ஸ்டவ்வுக்கு ஒரு கொள்ளுப்பேரன் என்று சொல்லலாம்.

தொட்டியில் எண்ணெயை ஊற்றிக் கைப்பம்பால் காற்றடிக்க வேண்டும். அடுப்பின் நடுவே ஒரு வளைந்த குழாய் இருக்கிறது. அதன் கீழே ஒரு சிறு கிண்ணத்தில் சாராயத்தை ஊற்றிப் பற்றவைத்து, சில நிமிஷம் குழாயைக் காய வைக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெயைத் திறந்துவிட்டால், அது குழாய்க்குள் ஆவியாகி, ஊசித்துளை வழியாகச் சீறி வெளிப்பட்டு, காற்றோடு கலந்து நீல ஜ்வாலையாக எரிகிறது. எரியும் நெருப்பே பிறகு குழாயைச் சூடாக வைத்துக்கொள்கிறது. புகை இல்லை; பாத்திரத்தில் கரி பிடிப்பதில்லை.

2004-ம் வருஷம் பிலிப்பைன்ஸ் தேசத்து லெய்தே தீவில் சுமார் நூறு குடும்பங்களிடம் இந்த அடுப்பைக் கொடுத்துப் பரீட்சை செய்தார்கள். லெய்தே தென்னை மரங்கள் நிறைந்த தீவு. தேங்காயெண்ணெய் அங்கே வீட்டு வாசலில் விளைகிறது. அடுப்பு எரிந்தது, சமையல் ஆயிற்று. பின்னர் இந்தோனேசியாவிலும் அந்த அடுப்பைப் பரப்பும் முயற்சி நடந்தது.

ஆனாலும் அது வீட்டுக்கு வீடு பரவிவிடவில்லை. இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று குழாயைச் சேர்ந்தது. மற்றொன்று மடியைச் சேர்ந்தது.

தண்ணீர் கொதித்தால் ஆவியாகிவிடும், மிச்சம் இராது. தாவர எண்ணெய் அப்படியில்லை. அதிக உஷ்ணத்தில் அது ஆவியாவதோடு சிதையவும் செய்கிறது. சிதையும்போது ஒரு பகுதி கரிப்பிசினாகக் குழாய்க்குள் ஒட்டிக்கொள்கிறது. கடாய் விளிம்பில் நாள்பட்ட எண்ணெய் பழுப்பாகப் பிடித்துக்கொண்டு, சாம்பலுக்கும் புளிக்கும் மசியாமல் நிற்குமே, அதே சமாசாரந்தான். ஆகையால் குழாயை அடிக்கடி கம்பி விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். எண்ணெய் புளித்துக் காறலெடுத்திருந்தால் கரி இன்னும் அதிகம் என்று ஹோஹன்ஹைம் ஆராய்ச்சியாளர்கள் பிற்பாடு கண்டார்கள். ஈரத்தோடு மூட்டை கட்டிய விதையை ஆட்டினால் எண்ணெய் சீக்கிரம் காறும் என்பது எந்தச் செக்குக்காரருக்கும் தெரியும். ஆக, அடுப்பைச் செய்வது ஜெர்மனியில் இருக்கலாம். அது எரிவதும் அடைத்துக்கொள்வதும் நம் களத்துமேட்டில் விதை காய்ந்த பக்குவத்தைப் பொறுத்திருக்கிறது.

ஒரு ஸிலிண்டருக்கு எத்தனை மரம்?

இரண்டாவது காரணமாகிய மடிக்கணக்குக்கு வருவோம். அத்தை சுவரில் கரிக்கோடு போடுகிறவள். அவளுக்குக் கதை சொன்னால் போதாது. கணக்குச் சொல்ல வேண்டும். காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வீட்டு ஸிலிண்டர் ஒன்றில் 14.2 கிலோ காஸ் இருக்கிறது. ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஏறக்குறைய 11,000 கலோரி உஷ்ணம் தரும். (வைத்தியர்கள் சாப்பாட்டுக்குச் சொல்லும் அதே பெரிய கலோரிதான்.) புங்கெண்ணெய் கிலோவுக்குச் சுமார் 8,800 கலோரி. நல்ல காஸ் அடுப்பில் நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு உஷ்ணம் பாத்திரத்துக்குப் போய்ச் சேருகிறது. தாவர எண்ணெய் அடுப்பில் நாற்பத்தைந்து பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்குப்படி, ஒரு ஸிலிண்டர் செய்யும் வேலையைச் செய்ய ஏறக்குறைய 25 கிலோ எண்ணெய் வேண்டும்.

கிராமத்துச் செக்கில் புங்கம்விதையை ஆட்டினால் நாலில் ஒரு பங்கு எண்ணெய் கிடைத்தால் திருப்திதான். அப்படியானால் ஒரு ஸிலிண்டருக்கு 100 கிலோ விதை. புங்க மரத்தின் விளைச்சல் மரத்துக்கு மரம் வெகுவாக மாறும். நன்றாக வளர்ந்த மரம் வருஷத்துக்கு 20 கிலோ விதை தருகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், ஒரு ஸிலிண்டருக்கு ஐந்து மரம். வருஷத்துக்கு எட்டு ஸிலிண்டர் செலவழிக்கும் குடும்பத்துக்கு நாற்பது மரம்!

"நாற்பது மரமா?" என்று அத்தை வாயைப் பிளந்தாள். "நம்ம ஏரிக்கரையிலே இருக்கிறதே அவ்வளவு இருக்குமோ என்னவோ!"

கணக்கு இதோடு முடியவில்லை. நாற்பது மரத்துக்கடியில் உதிர்ந்த காயைப் பொறுக்குவது யார்? மாசி, பங்குனி வெயிலில் குனிந்து நிமிர்ந்து பொறுக்கி, தடியால் அடித்து ஓடு நீக்கி, காயவைத்து, மூட்டை கட்டி, செக்குக்குக் கொண்டுபோக வேண்டும். எட்டு ஸிலிண்டருக்கு 800 கிலோ விதை. இந்த வேலையைச் செய்யப்போகிறவர்கள் பெரும்பாலும் ஸ்திரீகள். அவர்களுக்குக் கூலி உண்டா? கூலி கொடுத்தால் எண்ணெய் காஸைவிட மலிவாக இருக்குமா? கூலி கொடுக்காவிட்டால், விறகு பொறுக்கிக் குனிந்த முதுகை விதை பொறுக்கக் குனிய வைத்ததல்லாமல் நாம் வேறு என்ன செய்தோம்?

சாப்பிடும் எண்ணெய்

"புங்கெண்ணெய் வேண்டாம், மல்லாட்டை எண்ணெயை எரித்தால்?" என்று கேட்கலாம். ஒரு ஸிலிண்டருக்கு ஈடாக 25 கிலோ கடலெண்ணெயை அடுப்பில் கொட்டுவது எப்படிப்பட்ட காரியம் என்பதை நம் வீட்டு ஸ்திரீகள் காகிதம் இல்லாமலே கணக்கிட்டுச் சொல்லிவிடுவார்கள். வடை சுட்ட எண்ணெயையே மறுநாள் தாளிப்புக்கு எடுத்து வைக்கிற குடும்பங்கள் நம்முடையவை.

வீட்டுக் கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். தேசத்தின் கணக்கைப் பார்ப்போம். இந்தியாவுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. சமையல் காஸிலும் பாதிக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு. "ஆகையால் தாவர எண்ணெய்க்கு மாறுவோம்" என்று புறப்பட்டால், நாம் சாப்பிடும் எண்ணெயிலும் பாதிக்கு மேல் கப்பலில்தான் வருகிறது! இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பனையெண்ணெய், உக்ரெயின், ருஷியா, அர்ஜென்டீனா தேசங்களிலிருந்து சூரியகாந்தி எண்ணெய். ஒரு கப்பலைத் திருப்பியனுப்பிவிட்டு இன்னொரு கப்பலுக்குக் கைதட்டி வரவேற்பது சுதேசியம் ஆகாது.

வெளிநாட்டுக் கப்பலை நம்பினால் என்ன ஆகும் என்பதை நம் பாட்டிமார்கள் அறிவார்கள். 1942-ல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்தபோது, யெனாங்யௌங் எண்ணெய்க் கிணறுகளை அவர்கள் கையில் சிக்காதபடி பிரிட்டிஷார் அழித்துவிட்டார்கள். பர்மா மண்ணெண்ணெயை நம்பியிருந்த நம் கிராமங்களில் அரிக்கேன் விளக்குகள் ஆணியில் தொங்கின. புங்கெண்ணெயும் இலுப்பெண்ணெயும் வேப்பெண்ணெயும் மறுபடி அகலுக்கு வந்தன. அப்போதுகூட அந்த எண்ணெய்களை யாரும் சோறு வடிக்க எரிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விளக்குக்கு இரவெல்லாம் எரிந்தாலும் உழக்கு எண்ணெய் போதும். அடுப்புக்கு அது ஒரு வாய்க்குக் காணாது.

சாப்பாட்டுக்கு உதவாத எண்ணெயைப் பெருமளவில் பயிரிட்டால் என்ன என்று நம் சர்க்காரும் ஒரு காலத்தில் யோசித்தார்கள். 2003-ல் மத்திய திட்டக் கமிஷன் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு காட்டாமணக்குக்கு ஒரு மவுசு வந்தது. தரிசு நிலத்தில் தண்ணீரில்லாமல் விளையும், லாரிகளுக்கு எண்ணெய் தரும் என்றார்கள். தமிழ்நாட்டுக் குடியானவர்கள் பலரும் நட்டார்கள். விளைச்சல் சொன்னதில் ஒரு சிறு பங்குகூட வரவில்லை. தண்ணீர் இல்லாமல் உயிரோடிருக்கும் செடி, தண்ணீர் இல்லாமல் காய்க்கும் என்று எண்ணியதுதான் பிழை. பலர் அதைப் பிடுங்கியெறிந்துவிட்டு வேறு பயிர் வைத்தார்கள். அட்டவணையில் அழகாக இருந்த கணக்கு வயலில் தவறியது.

ஏரிக்கரைக் கணக்கு

இவ்வளவும் சொன்ன பிறகு, புங்க மரத்தை அலட்சியம் செய்கிறேன் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அதை நட வேண்டும் என்பதே என் கட்சி. எதற்காக நடுகிறோம் என்று தெரிந்து நட வேண்டும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டில் கூறியுள்ள சபையின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதி, குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அப்படி எடுத்தவர்களைக் கொண்டு ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றை அமைத்தார்கள். ஏரிக்கு ஒரு வாரியம். தோட்டத்துக்கு ஒரு வாரியம்! ஏரிக்கரை பொதுச் சொத்து; அதைக் கவனிக்கப் பொறுப்புள்ள ஆட்கள் வேண்டும் என்பது அன்றைக்கே அவர்கள் கண்ட உண்மை.

இன்றைக்கு ஒரு கிராமத்து ஏரிக்கரை இரண்டு கிலோமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். இரு ஓரத்திலும் ஐந்து மீட்டருக்கு ஒரு மரம் வைத்தால் 800 மரம். நம் கணக்குப்படி அது இருபது வீட்டு அடுப்புக்குத்தான் காணும். இருநூறு வீடுள்ள ஊருக்கு இது சமையல் வழி ஆகாது. ஆனால் அந்த 800 மரமும் காய்த்தால் 16,000 கிலோ விதை. 4,000 கிலோ எண்ணெய். ஏறக்குறைய 12,000 கிலோ பிண்ணாக்கு. அந்தப் பிண்ணாக்கு மாட்டுக்கு ஆகாது; கசப்பும் நஞ்சும் உள்ளது. வயலுக்கோ அது அருமையான எரு. பூச்சியையும் ஓரளவு தடுக்கும். எண்ணெயைச் சோப்புக்கும் தோல் பதனிடவும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். இயந்திரங்களிலும் அதை எரிக்கலாம். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பேராசிரியர் உடுப்பி ஸ்ரீநிவாசா, கர்நாடகத்துக் கக்கனஹள்ளி கிராமத்தில் புங்கெண்ணெயைக் கொண்டே மின்சார இயந்திரத்தை ஓட்டித் தண்ணீர் இறைத்துக் காட்டியிருக்கிறார். அங்கே எண்ணெய் ஒரே இடத்தில் எரிகிறது. பழுது பார்க்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கிறான். இறைக்கும் தண்ணீர் பயிராகி விலைக்குப் போகிறது. இருபது அடுப்படிகளில் இருபது குழாய்களை இருபது ஸ்திரீகள் கம்பி விட்டுக் குத்திக்கொண்டிருப்பதைக் காட்டிலும் இது புத்திசாலித்தனம் அல்லவா?

உத்திரமேரூர்ச் சபையார் செய்த விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடியும் வாரியத்துக்கு வரக் கூடாது. அவனுடைய உறவினர்கள்கூட வரக் கூடாது. "இந்த எண்ணெய் நாட்டை உயர்த்தும், அந்தச் செடி ஊரை வாழவைக்கும்" என்று சொல்லிக்கொண்டு வரும் யோசனைகளுக்கும் இந்த விதியையே வைக்கலாம் என்று தோன்றுகிறது. எத்தனை மரம், எத்தனை கூலி, எத்தனை நாள் என்று கணக்குக் காட்டட்டும். பிறகு குடத்தில் ஓலையைப் போடலாம்.

எழுதாத பற்று

நான் காகிதத்தில் போட்ட கணக்கையெல்லாம் அத்தை பொறுமையாகக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். கடைசியில் சொன்னாள்:

"கணக்கு சரிதான்பா. மரத்துக்குக் கணக்குப் போட்டே, எண்ணெய்க்குப் போட்டே, பொறுக்கற கூலிக்கும் போட்டே. நான் முப்பது வருஷமா குடிச்ச புகைக்கு யாரு கணக்கு எழுதி வெச்சிருக்கா?"

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் அந்தக் கணக்கை உலகத்தார் எழுதியிருக்கிறார்கள். வீட்டுப் புகையினால் மட்டும் 2020-ம் வருஷத்தில் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தார் மதிப்பிட்டிருக்கிறார்கள். அவர்களில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். அந்தக் கணக்கு புஸ்தகத்தில் இருக்கிறது. அத்தையின் சுவரில் இல்லை. ஸிலிண்டர் மிச்சமான நாட்களுக்கு மட்டும் அங்கே கோடு இருக்கிறது. விறகடுப்பின் முன்னே கண்ணீர் விட்ட நாட்களுக்குக் கோடு இல்லை.

தமிழ்நாட்டு சர்க்கார் 2006-க்குப் பிறகு ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமாகக் காஸ் அடுப்பும் இணைப்பும் கொடுத்தார்கள். 2016-ம் வருஷம் மே மாதம் மத்திய சர்க்கார் 'உஜ்வலா' திட்டத்தைத் தொடங்கினார்கள். அடுப்புப் பெரும்பாலான வீடுகளுக்கு வந்துவிட்டது. ஆனால் அடுப்பு வீட்டுக்கு வருவது வேறு. புகை வீட்டைவிட்டுப் போவது வேறு. இரண்டுக்கும் நடுவில் அடுத்த ஸிலிண்டரின் விலை நிற்கிறது. அதைக் குறைக்கச் சர்க்கார் செய்ய வேண்டியது இருக்கிறது. குடும்பத்தில் உள்ள ஆண்மக்கள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. ஸிலிண்டர் சீக்கிரம் தீர்ந்தால் முகம் சுளிக்காமலிருப்பது அதில் முதலாவது. சோற்றைக் காஸில் வையுங்கள். நெல் அவிக்கவும் வெந்நீருக்கும் விறகு இல்லாமல் முடியாது என்றால், அந்த அடுப்பைக் கூரைக்கு வெளியே கொண்டுபோங்கள். அல்லது புகைபோக்கி வைத்துக் கட்டுங்கள். விறகை மழைக்கு முன்பே வெட்டி நன்றாக உலரவிடுங்கள். இவையெல்லாம் பெரிய கண்டுபிடிப்புகள் அல்ல. ஆனால் இன்று மாலையே செய்யக்கூடியவை.

நான் ஊருக்குப் புறப்பட்ட அன்று சாயங்காலம், என் அத்தை மகன் பின்கட்டு அடுப்பை இடித்து, கிணற்றடிக்கு அப்பால் திறந்த வெளியில் புது அடுப்புக்கு மண் குழைத்துக்கொண்டிருந்தான். உள்ளே காஸ் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. ஸ்டவ் பரிசோதனையில் மீந்த புங்கெண்ணெய் அரைப் புட்டி இருந்தது. அத்தை அதை மாடத்து அகலில் ஊற்றி, திரியைப் படுக்க வைத்து ஏற்றினாள்.

அது நின்று எரிந்தது.